ஒரே தர்மம், பல கான்கள்: பௌத்தம் மங்கோலியரை ஒன்றாக்கியதா?

மங்கோலியர் வரலாறு பேச்சில் அடிபட்டால் இரண்டு கருத்துகள் கூடவே வந்துவிடும். "உலகையே நடுங்க வைத்தவர்கள் பௌத்தத்துக்கு மாறினார்கள், சாதுவாகிவிட்டார்கள்" என்பது ஒன்று. "சிதறிக் கிடந்த கூட்டங்களைப் பௌத்தம்தான் ஒன்று சேர்த்தது" என்பது இன்னொன்று.

முதல் கருத்து சுத்தத் தவறு. 1642-ல் திபெத்தைப் போரிட்டுப் பிடித்து ஐந்தாம் தலாய் லாமாவின் கையில் கொடுத்த குஷி கான் பக்தியுள்ள பௌத்தர். 1690 முதல் 1750-கள் வரை சீனாவின் சிங் பேரரசைத் தூங்கவிடாமல் செய்த ஜுங்கார் மங்கோலியரும் பௌத்தர்களே. அவர்களுடைய கான்களில் ஒருவரான கால்தான் துறவியாக வளர்ந்தவர். பௌத்தம் அவர்கள் கையிலிருந்து வாளைப் பிடுங்கிவிடவில்லை.

இரண்டாவது கருத்து பாதி உண்மை. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பௌத்தம் மங்கோலியரை ஒரே மக்களாக்கியது, ஒரே அரசாக்கவில்லை. முதல் வேலையைச் செய்து கொடுத்த அதே ஏற்பாடுதான் இரண்டாவதைக் கெடுத்தது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முன்பு இருந்தது: குலதெய்வமும் வானமும்

குலதெய்வம் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு பங்காளி வகையறாவுக்கு ஒரு சாமி. அதைக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் உறவு. ஆனால் அடுத்த வகையறாவின் சாமி நமக்குக் காவல் இல்லை. மங்கோலியக் கூடாரங்களிலும் இப்படி ஒன்று இருந்தது. கம்பளித் துணியில் செய்த சின்னச் சின்ன உருவங்கள். வீட்டில் சமைத்ததும் முதல் துளிக் கொழுப்பை அவற்றின் வாயில் தடவுவார்கள். இவற்றுக்கு ஓங்கோன் என்று பெயர், குடும்பத்தையும் மந்தையையும் காக்கும் மூதாதை ஆவிகள். ஓங்கோன் ஒரு குலத்தை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு குலங்களைச் சேர்க்காது.

குலங்களுக்கு மேலே பொதுவாக இருந்தது வானம். அதைத் தெங்ரி என்றார்கள், 'நித்திய நீல வானம்' என்று பொருள்பட அழைத்தார்கள். 1206-ல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய பேரவையில் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனபோது, வானம் அவரைத் தேர்ந்தெடுத்தது என்று அறிவித்தவர் கோகோச்சு என்ற சாமியாடி. கொஞ்ச காலத்திலேயே அவர் தானே ஒரு அதிகார மையமாக வளர்ந்தார். மல்யுத்தம் என்ற பெயரில் அவருடைய முதுகெலும்பை முறித்துக் கொன்றார்கள். வானத்தின் வாக்கைச் சொல்ல ஒரே ஒரு வாய் இருக்கும்வரைதான் கானுக்கு நிம்மதி. தவிர, வானத்துக்கு நூல் இல்லை, மடம் இல்லை, வாரிசு வரிசை இல்லை. வென்றால் வானம் கூட இருக்கிறது, தோற்றால் விலகிவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. வெற்றி ஓய்ந்தால் ஒற்றுமையும் ஓய்ந்துவிடும்.

"எல்லாரும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்"

அப்படியானால் செங்கிஸ் கானின் பேரன்கள் ஒரு பெரிய மதத்தைத் தேர்ந்தெடுத்து எல்லார் மேலும் சுமத்தியிருக்கலாமே? செய்யவில்லை. 1254-ல் தலைநகர் காரகோரத்தைப் பார்த்த ருப்ருக் ஊர் வில்லியம் என்ற கிறித்தவத் துறவி, அங்கே பல இனத்தாருடைய பன்னிரண்டு கோயில்கள், இரண்டு மசூதிகள், ஒரு தேவாலயம் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு கைக்கு இறைவன் பல விரல்களைக் கொடுத்தது போல மனிதருக்குப் பல வழிகளைக் கொடுத்திருக்கிறான் என்று மோங்கே கான் அவரிடம் சொன்னாராம்.

எந்த மதத்துப் பூசாரியானாலும் வரி கிடையாது. பதிலுக்குக் கானின் நலனுக்காக அவர் வேண்டிக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு. இதைப் பரந்த மனம் என்பதைவிடப் பலரிடம் போட்டு வைத்த காப்பீடு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தமிழ்ச் சாட்சியே உண்டு. தென்சீனத் துறைமுகமான சுவான்ஜோவில் தமிழ் வணிகர்களின் சிவன் கோயில் ஒன்று இருந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203, அதாவது 1281-ஐச் சேர்ந்தது. செகசைகான் என்பவரின் திருமேனி நன்றாக இருக்க வேண்டி, அவருடைய 'பர்மான்' படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளப் பண்ணினார் என்கிறது அது. அந்த ஆண்டில் அங்கே ஆண்டவர் குப்லாய் கான். பர்மான் என்றால் அரச ஆணை. காரகோரத்தில் வாழ்ந்த பாதிரியாருக்கும் சுவான்ஜோவின் சிவனடியாருக்கும் மங்கோலிய அரசு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கானுக்காக வேண்டிக்கொள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்தால்: குலத்தைச் சேர்க்க ஓங்கோன் இருந்தது, கானை நியாயப்படுத்த வானம் இருந்தது, ஆளப்படும் மக்களைச் சமாளிக்க எல்லா மதங்களும் இருந்தன. மங்கோலியர் அனைவருக்கும் பொதுவான ஒரு மதம் மட்டும் இல்லை.

குப்லாயும் பாக்பாவும்: இருக்கையின் உயரம்

திபெத்துப் பௌத்தம் மங்கோலியருக்குள் வந்தது அரசியல் வாசல் வழியாக. 1247-ல் லியாங்ஜோவில் கோடான் என்ற மங்கோலிய இளவரசரைச் சந்திக்க, திபெத்தின் பெரிய அறிஞர் சாக்ய பண்டிதர் போனார். கூடப் போன சிறுவன், அவருடைய தம்பி மகன் பாக்பா. பிற்காலத்தில் குப்லாயின் குருவானவர் இவர்தான்.

குரு கிடைத்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. தீட்சை வாங்கும் சீடன் குருவைவிடத் தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். உலகத்தை ஆள்கிறவன் ஒருவனுக்குக் கீழே உட்கார முடியுமா? குப்லாயின் மனைவி சாபி ஒரு வழி சொன்னதாகத் திபெத்திய மரபு கூறுகிறது: தனியாக உபதேசம் கேட்கும்போது லாமா மேலே உட்காரட்டும், இளவரசர்களும் அதிகாரிகளும் கூடிய சபையில் கான் மேலே உட்காரட்டும். இந்த ஏற்பாட்டைக் கொடையாளி–குரு உறவு என்பார்கள். கான் காப்பும் பொருளும் தருவார். லாமா தீட்சையும், 'இவன் தர்மப்படி ஆளும் அரசன்' என்ற அங்கீகாரமும் தருவார்.

இந்த இருக்கை உயரத்தை மறந்துவிடாதீர்கள். நானூறு ஆண்டுகள் கழித்து இதே விஷயத்தில் ஒரு போர் வரப்போகிறது.

பாக்பாவுக்கு 1270-ல் பேரரசின் குரு என்ற பதவி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் உருவாக்கிய சதுர எழுத்தைக் குப்லாய் அரசு எழுத்தாக அறிவித்தார். மங்கோலியம், சீனம், திபெத்தியம் என்று பேரரசின் மொழிகள் எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் எழுதிவிட வேண்டும் என்பது கனவு. மதமும் எழுத்தும் சேர்ந்து ஒரு பொது அடையாளம் தர முடியும் என்று அப்போதே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கனவு நீடிக்கவில்லை. குப்லாயின் பௌத்தம் அரண்மனைப் பௌத்தம். புல்வெளியில் ஆடு மேய்ப்பவன் தன் ஓங்கோனுக்கே கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். மேற்கே ஆண்ட உறவினர்களோ தங்கள் குடிமக்களின் மதத்துக்குப் போனார்கள். பாரசீகத்தை ஆண்ட அர்குன் பௌத்தத்தை ஆதரித்தவர். அவருடைய மகன் காசான் 1295-ல் இஸ்லாத்தைத் தழுவி, அங்கிருந்த பௌத்தக் கோயில்களை இடிக்க உத்தரவிட்டார். 1368-ல் சீனாவில் குப்லாய் வம்சம் விழுந்தது. பேரரசின் குரு என்ற பதவி போயிற்று, சதுர எழுத்தும் வழக்கொழிந்தது.

1578: இரண்டாவது வருகை

இன்று நாம் பார்க்கும் மங்கோலியப் பௌத்தம் இந்த இரண்டாவது வருகையில் பிறந்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். செங்கிஸ் கானின் நேரடி ஆண் வாரிசுகள் மட்டுமே கான் ஆகலாம். அவர்களிலும் மூத்த கிளையில் வந்தவரே பெருங்கான். இது வம்ச உரிமை.

துமெத் கூட்டத்தின் அல்தான் கான் செங்கிஸ் வம்சம்தான், ஆனால் இளைய கிளை. படையும் செல்வமும் அவரிடம் இருந்தன. பெருங்கான் பட்டம் வேறொருவரிடம். அவர் எவ்வளவு வென்றாலும் வம்ச வரிசையில் மேலே ஏற வழி இல்லை. 1578-ல் கோகோநோர் ஏரிப் பகுதியில் அவர் திபெத்திய லாமா சோனம் கியாட்சோவைச் சந்தித்தார். கியாட்சோ என்றால் திபெத்தியத்தில் கடல். அதன் மங்கோலியச் சொல் 'தலாய்'. இன்று உலகமே அறிந்த தலாய் லாமா என்ற பட்டம் ஒரு மங்கோலியக் கான் கொடுத்தது.

பதிலுக்கு லாமா கொடுத்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். அல்தானை அவர் 'சக்கரவர்த்தி' என்றார், தர்மச் சக்கரத்தைச் சுழற்றும் பேரரசன் என்ற பழைய பௌத்தப் பொருளில். அதோடு அல்தான் குப்லாயின் மறுபிறவி என்றும் லாமா பாக்பாவின் மறுபிறவி என்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரத்த வரிசையில் இளையவர், மறுபிறவி வரிசையில் ஒரே தாவலில் குப்லாய் ஆகிவிட்டார்.

மறுபிறவி என்ற கருத்தை இங்கே அரசியல் சொல்லாகப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய லாமா இறந்தால் அவர் மீண்டும் ஒரு குழந்தையாகப் பிறக்கிறார், மடம் அந்தக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து அதே ஆசனத்தில் அமர்த்துகிறது என்பது நம்பிக்கை. இப்படி வருபவரை அவதார லாமா என்போம். துறவிக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் பதவிக்கு வாரிசு கிடைத்துவிடும். அந்த வாரிசு எந்த வீட்டிலும் பிறக்கலாம். சோனம் கியாட்சோவின் முந்தைய இரண்டு பிறவிகளுக்கும் பின்னால் அந்தப் பட்டம் சேர்க்கப்பட்டதால் அவர் மூன்றாம் தலாய் லாமா. அடுத்த தலாய் லாமா, அதாவது நான்காமவர், அல்தான் கானின் கொள்ளுப்பேரனாகவே பிறந்தார்!

எது உண்மையிலேயே ஒன்றாயிற்று

அடுத்த நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் பிரமிக்க வைப்பது. இந்த முறை மதம் கூடாரங்களுக்குள் போயிற்று. ஓங்கோன்களை வெளியே குவித்து எரித்தார்கள். இறந்தவரோடு குதிரைகளைப் பலியிடுவது தடை செய்யப்பட்டது. கிழக்கே ஒரு கான், மந்திரங்களை மனப்பாடம் செய்பவர்களுக்குக் குதிரையும் மாடும் பரிசு அறிவித்தார். எல்லாமே அழிப்பு வேலையும் இல்லை: மேட்டில் கல் குவித்து வழிபடும் 'ஓவோ' சடங்குக்கும் அடுப்புத் தீ வழிபாட்டுக்கும் லாமாக்களே புதிய பிரார்த்தனைகள் எழுதினார்கள்.

1628–29-ல் புத்தரின் உபதேசத் தொகுப்பான கஞ்சூர் முழுவதும் மங்கோலியத்தில் ஒழுங்கு செய்யப்பட்டது. 1640-ல் கிழக்கு மங்கோலியரான கல்காவினரும், ஜுங்கார்களும் அடங்கிய மேற்கு மங்கோலியரான ஓய்ராத்துகளும் கூடி ஒரு பொதுச் சட்டம் இயற்றினார்கள். வோல்கா ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்ட கல்மிக்குகளின் தலைவர்கூட அதற்கு வந்தார். ஒருவரையொருவர் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே தர்மத்தின் பேரால் உட்கார்ந்து பேசியதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

மூதாதைக் கதையும் மாறியது. பழைய கதையில் மங்கோலியரின் ஆதி மூதாதை ஒரு நீலச் சாம்பல் ஓநாய். 1662-ல் சாகாங் செச்சென் எழுதி முடித்த வரலாற்றில் அந்த ஓநாயின் பெயர் ஒரு திபெத்திய இளவரசனுக்குப் போய்விட்டது. அவனுடைய வம்சம் இந்தியாவின் ஆதி அரசன் மகாசம்மதன் வரை நீள்கிறது.

இன்றும் மங்கோலியப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கோள்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: புத், சுகார், அங்காரக், பர்காஸ்பத், சாஞ்சிர். புதன், சுக்கிரன், அங்காரகன், பிரகஸ்பதி, சனைச்சரன்! சமஸ்கிருதப் பெயர்கள் பௌத்தத்தோடு பயணம் செய்து புல்வெளி மொழியில் தேய்ந்து தங்கிவிட்டன. முதன்முதலில் இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. மங்கோலியக் கொடியில் உள்ள 'சோயோம்போ' சின்னமும் அப்படித்தான், நாம் சுயம்பு என்கிற அதே சொல்.

சுருக்கிச் சொன்னால்: சட்டம், நூல், சடங்கு, மூதாதைக் கதை, வானத்துக் கோள்கள் வரை பொதுவாயின. மங்கோலியர் என்றால் பௌத்தர் என்ற நிலை 17-ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது.

பரிவட்டம் ஒன்றல்ல

அப்படியானால் ஒரே அரசு ஏன் வரவில்லை?

ஒரு ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். சாமி பொது, தேர் பொது. பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குபவர் ஒருவர்தான். அவர் யார் என்பது முடிவாகியிருக்கும்வரை திருவிழா ஊரைச் சேர்க்கும். இரண்டு பேர் உரிமை கேட்டால் அதே திருவிழாவில் ஊர் இரண்டாகும்.

மங்கோலியரின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. பரிவட்டம் கட்டுகிறவரான தலாய் லாமா தொலைவில், திபெத்தின் லாசாவில் இருந்தார். ஒருவருக்கு மட்டும்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அல்தானுக்குப் பிறகு கல்கா நாட்டு அப்தாயும் தலாய் லாமாவிடம் கான் பட்டம் வாங்கி வந்தார். 1585-ல் காரகோரத்து இடிபாடுகளின் கல்லைக் கொண்டு எர்தெனே சூ மடத்தைக் கட்டத் தொடங்கியவர் இவர்தான். செங்கிஸ் வம்சமே அல்லாத ஓய்ராத்துகளில் குஷி கானும் கால்தானும் அதே வழியில் கான் ஆனார்கள். ஒரு காலத்தில் கான் பட்டத்துக்கு ஒரே வாசல். இப்போது வலிமையும் பக்தியும் உள்ள யாருக்கும் திறக்கும் இன்னொரு வாசல் கிடைத்துவிட்டது. தனித்தனிக் கான்களுக்கு இது நல்லது. ஒரே கான் வேண்டும் என்பவருக்கு இது சாபம்.

அந்தச் சாபம் முதலில் விழுந்தது லிக்தான் கான் மேல். சாகார் கூட்டத்தைச் சேர்ந்த இவர்தான் கடைசிப் பெருங்கான், வம்ச உரிமையில் மூத்தவர். மதத்தைக் கொண்டு எல்லாரையும் தன் கீழ் சேர்க்க முயன்றவரும் இவரே. கஞ்சூர் பணியை நடத்தியதும் இவர்தான். பாக்பா காலத்து, மகாகாலர் என்ற காவல் தெய்வத்தின் பொற்சிலையையும் தன்னிடம் வைத்திருந்தார். ஆனால் மற்ற இளவரசர்கள் ஏற்கெனவே தலாய் லாமாவின் மஞ்சள் தொப்பிப் பிரிவான கெலுக் மரபில் ஊன்றிவிட்டார்கள். லிக்தான் போட்டி மரபுகளோடு கைகோத்தார். ஒற்றுமைக்கான முயற்சி, பக்கத்து மங்கோலியரோடு போராக முடிந்தது. 1634-ல் பெரியம்மையில் அவர் இறந்தார். பொற்சிலை மஞ்சூரியரிடம் போயிற்று. 1636-ல் அவர்கள் சிங் பேரரசை அறிவித்தபோது, மங்கோலிய இளவரசர்கள் பலர் அந்த அரசனுக்கு முன் வணங்கி நின்றார்கள்.

1686-ல் இருக்கை விவகாரம் திரும்பி வந்தது. கல்காவின் இரண்டு கான்களுக்குள் தகராறு. சமாதானக் கூட்டத்துக்குத் தலாய் லாமாவின் தூதர் வந்திருந்தார். கல்காவினரின் சொந்த அவதார லாமாவான ஜானாபஜார், அந்தத் தூதருக்குச் சமமான உயரத்தில் உட்கார்ந்தார். அற்புதமான வெண்கலச் சிற்பங்கள் செய்தவர் இவர், சோயோம்போ எழுத்தை உருவாக்கியவரும் இவரே. திபெத்தில் படித்து வளர்ந்த கால்தானுக்கு அந்த இருக்கை பொறுக்கவில்லை: என் குருவின் பிரதிநிதிக்குச் சமமாக இவர் உட்காருவதா? இருக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மேய்ச்சல் நிலம், பழைய பகை, கால்தானின் தம்பி கல்காவினர் கையில் கொல்லப்பட்டது, எல்லாம் சேர்ந்தன. ஆனால் கால்தான் உரக்கச் சொன்ன குற்றச்சாட்டு அந்த இருக்கைதான்.

1688-ல் அவர் படையெடுத்தார். பௌத்தர் படை பௌத்தர் மடமான எர்தெனே சூவைச் சூறையாடியது. யார் பெயரால் இத்தனை ஆவேசமோ, அந்த ஐந்தாம் தலாய் லாமா 1682-லேயே இறந்துவிட்டார். ஆட்சிப் பொறுப்பாளர் அதை 1697 வரை மறைத்து வைத்திருந்தார்.

கல்காவினர் கூட்டம் கூட்டமாகத் தெற்கே ஓடினார்கள். ரஷ்யாவிடம் போவதா, சிங் அரசிடம் போவதா என்று ஜானாபஜாரிடம் கேட்டார்களாம். ரஷ்யர் நம் தர்மத்தை அறியாதவர்கள், அங்கியை மாற்றுப் பக்கமாகப் பூட்டுகிறவர்கள். தெற்கே இருப்பவர்கள் தர்மத்தை மதிப்பவர்கள் என்று அவர் சொன்னதாக மரபு. 1691-ல் தோலோன் நோரில் கல்கா நாடு சிங் பேரரசுக்குள் போனது. மங்கோலியரை ஒன்றாக்கிய தர்மமே அவர்களை அந்நியரோடும் ஒன்றாக்கியது. தர்மத்தை மதிக்கும் அரசன் மங்கோலியனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லையே.

பூட்டும் சாவியும் வேறொருவர் கையில்

சிங் பேரரசர்கள் இந்தப் பொறியமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மடங்களுக்கு வாரி வழங்கினார்கள். மறுபக்கம் புல்வெளியைச் சிறு சிறு நிர்வாகப் பிரிவுகளாகக் கூறுபோட்டு, எல்லை தாண்டி மேய்ப்பதைத் தடுத்தார்கள். 1756–57-ல் கல்காவில் ஒரு கிளர்ச்சி. ஜானாபஜாரின் அடுத்த பிறவியும் 1757-ல் மறைந்தார். முதல் இரண்டு பிறவிகளும் செங்கிஸ் வம்சத்துக் குடும்பத்தில் வந்தவை. அவதார லாமாவும் செங்கிஸ் ரத்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பேரரசர் சியான்லோங்குக்குத் தெரியும். இனி இந்தப் பிறவியைத் திபெத்தில்தான் தேட வேண்டும் என்று ஆணையிட்டார். மஞ்சள் தொப்பி மரபை ஆதரிப்பது மங்கோலியரை அமைதியாக வைத்திருக்கவே என்று 1792-ல் கல்லிலேயே வெட்டி வைத்தார், அதுவும் நான்கு மொழிகளில்.

1911-ல் சிங் அரசு ஆட்டம் கண்டபோது, மங்கோலியர் தங்கள் அரசனாக அரியணை ஏற்றியது ஓர் இளவரசரை அல்ல, ஜானாபஜார் வரிசையில் எட்டாம் பிறவியான அவதார லாமாவை. போக்த் கான் என்ற அவர் திபெத்தில் பிறந்தவர். 'பலராலும் உயர்த்தப்பட்டவர்' என்பது அவருடைய ஆட்சிப் பெயர், ஆதி அரசன் மகாசம்மதனின் நினைவு அதில் இருக்கிறது. கான்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், லாமாவுக்கு எல்லாரும் விட்டுக்கொடுப்பார்கள். ஒன்றிணைக்கும் மதம் என்ற கருத்து நடைமுறைக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான். இன்று சீனாவில் இருக்கும் தெற்குப் பகுதியான உள் மங்கோலியாவின் பல பகுதிகள் ஆதரவு தெரிவித்தன, படையும் அனுப்பப்பட்டது. ஆனால் 1915-ல் ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்து கியாக்தா ஒப்பந்தத்தில் அவருடைய ஆட்சியை வடக்கே உள்ள வெளி மங்கோலியாவோடு நிறுத்திவிட்டன. 1919-ல் ரஷ்யாவின் சீத்தா நகரில், ரஷ்யாவில் வாழும் மங்கோலியரான புரியாத்துகளும் உள் மங்கோலியரும் கூடி அகன்ற மங்கோலிய அரசு ஒன்றை அறிவித்தபோதும் தலைவராக ஒரு லாமாவையே வைத்தார்கள். போக்த் கான் அதில் சேர மறுத்துவிட்டார்.

1924-ல் அவர் மறைந்ததும் மங்கோலியா குடியரசானது, அடுத்த பிறவியைத் தேடக் கூடாது என்றானது. 1930-களின் இறுதியில் நூற்றுக்கணக்கான மடங்கள் அழிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான லாமாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பதாம் பிறவியாக ஏற்கப்பட்டவர் லாசாவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்து, 2012-ல் உலான்பாத்தரில் காலமானார். 2023 மார்ச்சில் தர்மசாலாவில் நடந்த சபையில் தலாய் லாமா ஒரு மங்கோலியக் குடும்பத்துச் சிறுவனைப் பத்தாம் பிறவி என்று காட்டினார். 1757-க்குப் பிறகு அந்த ஆசனத்துக்கு மறுபடியும் ஒரு மங்கோலியக் குழந்தை. அவனை இன்னார் என்று அடையாளம் சொன்ன குரல் மட்டும் இப்போதும் மங்கோலியாவுக்கு வெளியிலிருந்துதான் வந்தது.